அஷ்டமுடிக்குப் போய்வந்த குடும்பம்

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்காரனுக்கு வருடத்தில் ஓய்வு என்று ஒன்று உண்டென்றால், அது தீபாவளிக்கு மறுநாள்தான் தொடங்கும். நாடெல்லாம் வெடித்துத் தீர்த்த பிறகு கம்பெனி பத்து நாள் கதவைச் சாத்தும். நான் லோடு பார்க்கிறவன். எந்த ஊர்க் கடைக்கு எந்தப் பெட்டி, எந்த லாரி என்று பார்த்து ஏற்றி அனுப்புவது என் வேலை. ஆடி பிறந்துவிட்டால் என் காதிலிருந்து போன் இறங்காது. சாப்பிடும்போதும் பேசுவேன், கோயிலில் விபூதி வாங்கும்போதும் பேசுவேன். என் மகனுக்கு மொட்டை போட்டபோது அவனை மடியில் வைத்துக்கொண்டே ஒரு லாரிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அழுத அழுகை போனில் கேட்டு, டிரைவர் சோலைமலை என்னவோ ஏதோ என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பிரீத்திகா எட்டாம் வகுப்பு, தருண்குமார் ஒன்றாம் வகுப்பு. இருவரும் மேதைச் சிகரம் உலகப் பள்ளியில் படிக்கிறார்கள். உலகப் பள்ளி என்று பெயர் இருந்தாலும் அது விருதுநகர் ரோட்டில், ஒரு பேப்பர் குடோனுக்கும் லாரி எடை மேடைக்கும் நடுவில்தான் இருக்கிறது. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ‘சிகரம் பேட்ச்’ தொடங்கும். அதில் சேர்ந்த பிள்ளைக்கு நான்கு வருடம் லீவு கிடையாது. ஞாயிறு கிடையாது. பொங்கலன்று காலையில் வீட்டில் சாப்பிட அனுப்புவார்கள், மதியம் டெஸ்ட் இருக்கும். இதைப் பள்ளிக்கூடம் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை. ‘நான்கு ஆண்டுகள், பூஜ்ஜியம் விடுமுறை’ என்று வாசலிலேயே பெரிய போர்டு வைத்திருந்தது. அந்தப் போர்டைப் பார்த்துத்தான் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். பிரீத்திகாவுக்கு அடுத்த வருடத்துக்கு இடம் கிடைத்தது.

இடம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் என் மனைவி நாகஜோதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வரும்போது அவளுக்குப் பதினேழு முடிந்திருக்கும். அப்புறம் காலேஜ், ஹாஸ்டல். நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக ராத் தங்கிய வெளியிடங்கள் அதுவரை மொத்தம் மூன்று: காரியாபட்டியில் என் மச்சினன் கல்யாண மண்டபம், குலதெய்வம் கோயில் வாசல், தருணுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு ஆஸ்பத்திரி. ஆகவே ஊர் சுற்றப் போவதென்றால் இந்தத் தீபாவளி லீவை விட்டால் எங்களுக்கு வேறு நாள் இல்லை.

“எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போங்க. தண்ணி இருக்கிற இடமா இருக்கட்டும்” என்றாள் நாகஜோதி. அவள் வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். பசை காய்ந்து காய்ந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் கை கழுவத் தோன்றும்.

கொல்லத்தில் எங்கள் கம்பெனிச் சரக்கு வாங்குகிற ராஜபாண்டியன் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான், அங்கே போய்க் கடை வைத்து முப்பது வருடமாகிறது. அஷ்டமுடி ஏரிக்கரையில் வீடு. மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வாசலில் படகு கட்டிக் கிடக்கிறது என்று வருடா வருடம் கூப்பிடுவார். கொல்லம் ரயில் சிவகாசி வழியாகத்தான் போகிறது. கேட் போட்டிருக்கும்போதெல்லாம் பைக்கை நிறுத்திவிட்டு அது போவதைப் பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை. இந்த வருடம் வருகிறோம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நாகஜோதியிடம் போனைக் கொடுத்த பிறகுதான் நம்பினார்.

நான்கு நாள் பயணம் என்று முடிவாயிற்று. பிரீத்திகா ஒரு நோட்டில் ரயில் பாதை வரைந்து, மலைக்குள் குகை வருகிற இடங்களில் கறுப்பு மை பூசினாள். தருண் தண்ணீரில் மிதக்க டியூப் கேட்டான். என் வேலையில் சுலபமாகக் கிடைப்பது அது ஒன்றுதான், சோலைமலை ஒரு பழைய லாரி டியூப் கொடுத்தார். நாகஜோதி, கேரளத்து அரிசி கொட்டை கொட்டையாக இருக்குமாமே, பிள்ளைகள் என்ன செய்யும் என்று ஒரு வாரம் கவலைப்பட்டாள். அந்த ஒரு வாரம்தான் எங்கள் பயணத்திலேயே நன்றாக இருந்த பகுதி.

தீபாவளிக்குப் பள்ளியில் இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாளிலிருந்து ‘அதிவேக வாரம்’ என்று ஒன்றைத் தொடங்குவார்கள். எனவே இரண்டு பிள்ளைகளுக்கும் நான்கு நாள் லீவு கேட்டுக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

அதை வாங்க ஒரு தனி ஆள் இருந்தார். விடுமுறை ஒருங்கிணைப்பாளர் ஹரிபிரசாத். கழுத்தில் டை, காலில் விளையாட்டு ஷூ. முன்பு அவர் விளையாட்டு ஆசிரியர். விளையாட்டுப் பாடவேளையை நிறுத்திவிட்டு, பந்துகளை எல்லாம் ஒரு மூலையில் தள்ளி, அந்த அறையிலேயே அவரை இந்த வேலைக்கு உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வருடமாக லீவு என்ற சொல்லையே பள்ளி எடுத்துவிட்டதாகவும், அது பிள்ளைகள் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்குவதாகவும் அவர் விளக்கினார். இப்போது அதற்குப் பெயர் ‘விடுமுறை அனுபவ முன்மொழிவு’. பதினொரு பக்கம். ஒரு பிள்ளைக்கு ஒன்று வீதம் இரண்டு தந்தார்.

முதல் பக்கத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். ‘பிள்ளைகளோடு சும்மா இருக்க’ என்று எழுதினேன். ஹரிபிரசாத் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சார், இதை வெளிய யார்கிட்டயும் காட்டிராதீக. சும்மா இருக்கிறதை எப்படி சார் அளக்கிறது? எதை அளக்க முடியாதோ அதுக்கு அனுமதி இல்ல” என்று சொல்லி, அவரே அடித்துவிட்டு, ‘குடும்ப அமைதித் திறன் மேம்பாடு’ என்று எழுதித் தந்தார். நல்ல மனிதர்தான். எனக்காக அவர் பயந்தார்.

அடுத்த சிக்கல் பாடத்திட்டத்தில் வந்தது. பிரீத்திகாவுக்கு ஏரிகள் பற்றிய பாடம் மூன்றாம் பருவத்தில்தான் இருந்தது. இரண்டாம் பருவத்திலேயே ஏரியைப் பார்ப்பது முன்கூட்டிப் படிப்பதாகும், அதற்கு அறிவியல் ஆசிரியையின் கையெழுத்து வேண்டும். வாங்கினேன். அது ஏரியா, கடலோடு கலக்கிற காயலா என்று இன்னொரு கேள்வி. காயல் என்றால் பதினொன்றாம் வகுப்பு. ஏரி என்றே போட்டேன். தருண் விஷயம் இன்னும் மோசம்.

“ஒண்ணாம் வகுப்புக்குக் குளம் வரைக்கும்தான் சார். ஏரி மூணாம் வகுப்புலதான் வருது” என்றார் ஹரிபிரசாத்.

அப்படியானால் அவன் ஏரியைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

“பாக்கலாம் சார். தெரிஞ்சுக்கத்தான் கூடாது.”

அதற்காக ஒரு உறுதிமொழிப் பத்திரம் தனியாக எழுதிக் கொடுத்தேன். ‘என் மகன் தருண்குமார், அஷ்டமுடி ஏரியின் அருகில் தங்கியிருக்கும் நாட்களில், அதனைக் குளமாகவே கருதுவான் என இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.’ கீழே கையெழுத்துப் போடும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீசன் நேரம். வெளியே வாசலில் கொடுத்துவிட்டு வந்த என் போன் பதினேழு தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து முன்மொழிவு திரும்பி வந்தது. தண்ணீர்தான் பார்க்க வேண்டுமென்றால் ஆனைக்குட்டம் அணை பக்கத்திலேயே இருக்கும்போது கொல்லம் எதற்கு என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் பதில் வேண்டும். ஆனைக்குட்டத்துக்குப் போனால் கரையில் எங்கள் கம்பெனி ஆட்கள் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள், கொல்லத்தில் யாரும் என்னிடம் லோடு வந்துவிட்டதா என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் உண்மையான பதில். இதற்கு இருபது சொற்கள்கூடப் பிடிக்கவில்லை. மீதியைப் பிரீத்திகா எழுதினாள். இரண்டு நீர்நிலைகளையும் ஒப்பிட்டு அட்டவணை எல்லாம் போட்டிருந்தாள். அவளுக்கு அது வெகு சுலபமாக வந்தது. அப்போது நான் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

பிறகு பெற்றோருக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ‘விடுமுறையில் பெற்றோர் செய்யும் பன்னிரண்டு தவறுகள்.’ லீவு கேட்ட பாவத்துக்கு ஒன்பது குடும்பங்கள் வந்திருந்தன. பள்ளியின் தாளாளர் ஜெயச்சந்திரன் நேரில் வந்து பேசினார். அச்சாபீஸ் முதலாளி, வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். முதல் தவறு, நேர அட்டவணை இல்லாமல் கிளம்புவது. இரண்டாம் தவறு, பிள்ளை எழும் வரை காத்திருப்பது. மூன்றாம் தவறிலிருந்து ஐந்தாம் தவறு வரை ஐஸ்கிரீம் சம்பந்தப்பட்டது. கடைசியில் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“நான் பத்தாவது ஃபெயில். அதைச் சொல்ல எனக்கு வெக்கமே இல்ல. ஏன் ஃபெயிலானேன்? எங்கய்யா என்னைய கம்மாக்கரையில சும்மா விட்டுட்டாரு. சும்மா விட்டா பிள்ளை என்ன செய்யும்? யோசிக்கும். யோசிக்க ஆரம்பிச்சா மார்க்கு இறங்கிரும். இந்தப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு வருசமா ஒரு பிள்ளையையும் நாங்க யோசிக்க விட்டதில்ல. இனிமேலும் விட மாட்டோம்.”

கை தட்டினோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று தட்டினார். அவர் குடும்பத்தோடு குற்றாலம் போக விண்ணப்பித்திருந்தார், அனுமதி விஷயத்தில் இதெல்லாம் உதவும் என்று நினைத்திருக்கலாம். நானும் எழுந்து நின்றேன்.

அந்தப் பள்ளியில் எதற்கும் ஒத்திகை உண்டு. பரீட்சைக்கு முன்னால் மாதிரிப் பரீட்சை, ஆண்டு விழாவுக்கு முன்னால் மாதிரி ஆண்டு விழா. எனவே எங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி விடுமுறை நடந்தது. பெட்டி படுக்கையோடு வரச் சொல்லியிருந்தார்கள். கூடைப்பந்துத் தரையில் நீல ரிப்பன் ஒட்டி, அதுதான் ஏரி என்றார்கள். நடுவில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், அது படகு. நாங்கள் நாலு பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஹரிபிரசாத் விசிலும் ஒரு துடைப்பக் கட்டையுமாக முன்னால் நின்று துடுப்புப் போட்டார். இரண்டு ஆசிரியைகள் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று மார்க் போட்டார்கள்.

வெயில் தரையில் கொதித்தது. ஆறு நிமிடம் இயற்கையை ரசிக்க வேண்டும், பிறகு விசில், பிறகு நான்கு நிமிடம் குடும்ப உரையாடல், பிறகு விசில். உரையாடலில் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றாம் வாய்பாடு சொல்லு என்று தருணிடம் சொன்னேன், அதற்கு மார்க் கிடைத்தது. நாகஜோதி பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தாள், அதற்குக் குறைத்தார்கள். தருண் லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ரிப்பனுக்குள் குதித்தான். சிமெண்டுத் தரையில் கையைக் காலை அடித்து நீந்தினான். எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பிரீத்திகாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ‘திட்டமிடாத சிரிப்பு’ என்று நான்கு பேருக்கும் தலா இரண்டு மார்க் போயிற்று.

ஹரிபிரசாத் துடுப்பை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, “அங்கன நெசமாவே காத்து வருமா சார்?” என்று கேட்டார். அவர் இரண்டு வருடமாக எங்கேயும் போகவில்லை. விடுமுறை ஒருங்கிணைப்பாளருக்கு லீவு கொடுக்கிற அதிகாரி இன்னும் நியமிக்கப்படவில்லையாம்.

மாதிரி விடுமுறையில் அறுபத்தொரு மார்க் வாங்கித் தேறினோம். அறுபது எடுத்தால் பாஸ். வீட்டுக்கு வந்து முறுக்கின் மீதியைச் சாப்பிட்டோம்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அனுபவ அறிக்கை. ஏரியில் என்ன பார்த்தோம், என்ன உணர்ந்தோம், என்ன கற்றோம் என்று பிள்ளை பன்னிரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். போய்வந்த பிறகுதானே என்றேன். இல்லை, போவதற்கு முன்னால்.

“போயிட்டு வந்தா பிள்ளைக சந்தோசமா இருக்கும் சார். சந்தோசமா இருந்தா கையெழுத்துக் கோணிரும். பழைய அனுபவம்” என்றார் ஹரிபிரசாத்.

பிரீத்திகா எழுத உட்கார்ந்தாள். கண்ணால் கண்டிராத ஏரியை எழுதுவதற்காக அண்ணாச்சிக்குப் போன் போட்டு, தண்ணீர் என்ன நிறம், எந்தப் பறவை வரும், படகில் உட்கார்ந்தால் தண்ணீர் கைக்கு எட்டுமா என்றெல்லாம் கேட்டாள். அவரும் கடையில் ஆளை நிற்க வைத்துவிட்டு அரைமணி நேரம் சொன்னார். தமிழாசிரியை நான்கு தடவை திருத்தித் திருப்பி அனுப்பினார். நான் ஒரு தடவை பார்க்கக் கேட்டேன், மதிப்பீடு முடியும் வரை பெற்றோருக்குக் காட்டக் கூடாதாம். முடித்த அன்று நிமிர்ந்து பார்த்த அவள் முகம் எங்கேயோ போய்விட்டு வந்த முகமாக இருந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். கடைசி லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். இரண்டு லாரிகளை அப்படியே நிற்க வைத்துவிட்டு ஓடினேன்.

ஜெயச்சந்திரன் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஜையில் லட்டு இருந்தது.

“நூத்துக்கு நூறு. நம்ம பள்ளிக்கூட வரலாத்துல எந்தப் பிள்ளையும் ஒரு விடுமுறையை இம்புட்டுச் சிறப்பா அனுபவிச்சதில்ல.”

“இன்னும் போகலையே சார்” என்றேன்.

“அதுதான் விசயமே. போன வருசம் ஒரு பிள்ளையை ஊட்டிக்குப் போக விட்டோம். நாலு நாள். வந்து என்ன எழுதுச்சு தெரியுமா? குளிரா இருந்துச்சுன்னு எழுதுச்சு. அம்புட்டுத்தான். ஒரே வரி. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். போற பிள்ளைக்கு எழுத வராது, போகாத பிள்ளைதான் எழுதும்.” பைலைத் திறந்து காட்டினார். பதினெட்டு கற்றல் விளைவுகள், பதினெட்டுக்கும் டிக். “விடுமுறை எதுக்கு? அனுபவத்துக்கு. அனுபவம் எதுக்கு? எழுதுறதுக்கு. பாப்பா எழுதிருச்சு. இனிமே நீங்க போனீகன்னா அது ரிப்பீட்டு. பாஸான பாடத்தை மறுபடி எழுத நாங்க யாரையும் விடுறதில்ல.”

முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் ‘அனுபவம் நிறைவுற்றது’ என்று ஒரு முத்திரை விழுந்திருந்தது. அதற்கென்றே செய்து வைத்திருந்த முத்திரை. அப்படியானால் லீவு என்று இழுத்தேன். அதற்குத் தேவை எழவில்லையே என்றார். தருணின் முன்மொழிவு அக்காவுடையதோடு இணைக்கப்பட்டு அதுவும் நிறைவுற்றிருந்தது. அவன் ஏரியைக் குளமாகக் கருதியதற்குத் தனியாகப் பாராட்டு எழுதியிருந்தார்கள்.

முன்மொழிவு இல்லாமலே கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அது வருகைக் குறைவில் வரும், சிகரம் பேட்சில் ஒரு இடம் காலியாகும், வெளியே இருநூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். “பிள்ளை எதிர்காலம் உங்க கையிலதான் இருக்கு” என்று சொல்லி என் கையை மறுபடி பிடித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையில் லட்டு இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லாரிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

நாகஜோதியிடம் சொன்னபோது அவள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை ஒட்டி முடித்தாள். “விடுங்க, அடுத்த வருசம்” என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, சீட்டுப் போனால் போகட்டும், கிளம்புவோம் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது உண்மையாகத்தான் பட்டது. பிரீத்திகா வேண்டாமென்று தலையாட்டினாள். அவளோடு படிக்கிற எல்லாரும் அந்த பேட்சுக்குப் போகிறார்கள், அவள் மட்டும் வெளியே நிற்க மாட்டாளாம்.

“எழுதும்போது போன மாதிரிதாம்ப்பா இருந்துச்சு” என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னைத் தேற்றியது எனக்கு ரொம்பவும் வேதனையாக இருந்தது.

தருணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டான், நாளைக்கு என்றோம். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டான்.

கம்பெனி பத்து நாள் மூடியது. பிள்ளைகள் அதிவேக வாரத்துக்குப் போய்விட்டார்கள். பகலில் நான் வீட்டில் உட்கார்ந்து நாகஜோதியோடு பெட்டி ஒட்டினேன். அண்ணாச்சி போன் செய்தார். மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும், படகுக்குப் புதுக் கயிறு கட்டியிருப்பதாகவும் சொன்னார். பிள்ளைக்குத் திடீரென்று பரீட்சை வந்துவிட்டது என்றேன். “பிள்ளைகளுக்கு எப்பத்தான்யா பரீட்ச இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கம்பெனி திறந்து பூஜை போட்ட வாரம் பள்ளியில் குழந்தைகள் தின விழா. கட்டாயம் குடும்பத்தோடு வர வேண்டும் என்று தாளாளரே கையெழுத்திட்ட அழைப்பு. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய ஃபிளக்ஸ், நீல ஏரி, தென்னை மரங்கள், படகு. படகில் எங்கள் நாலு பேர் படத்தையும் ஒட்டியிருந்தார்கள், விண்ணப்பத்தில் வைத்த பாஸ்போர்ட் படங்கள். அதற்கு மேலே ‘ஆண்டின் சிறந்த விடுமுறைக் குடும்பம்’ என்று போட்டிருந்தது.

பிரீத்திகா மைக்கின் முன்னால் நின்று அறிக்கையைப் படித்தாள். முதல் பத்திகள் தமிழாசிரியையுடையவை. அதிகாலைக் கதிரவன், அலைகளின் தாலாட்டு, அகம் மகிழ்ந்தோம் என்று போயிற்று. தாளாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு திருத்தாமல் விட்ட பகுதி ஒன்று வந்தது.

‘அப்பா போனை அறையிலேயே வைத்துவிட்டு வந்தார். நான்கு நாளும் அவர் யாரிடமும் பேசவில்லை, எங்களிடம் மட்டும் பேசினார். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டார். யாரும் அவரை எழுந்து வரச் சொல்லவில்லை. படகில் போகும்போது தம்பி என் மடியில் தூங்கிவிட்டான். கரைக்கு வந்த பிறகும் எழவில்லை. அப்பாதான் அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். அப்போது அப்பாவுக்கு எந்த அவசரமும் இல்லை.’

நாகஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எல்லாரும் தட்டினார்கள். தருண் என் மடியில் உட்கார்ந்து மேடையிலிருந்த ஃபிளக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயச்சந்திரன் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். பயணம் எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார். கீழே முந்நூறு பேர். பிரீத்திகா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையில் பரிசுக் கோப்பை. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் மைக்கை வாங்கினேன்.

“நல்லா இருந்துச்சு” என்றேன்.

மறுபடி தட்டினார்கள். ஓரத்தில் நின்ற ஹரிபிரசாத் மட்டும் தட்டவில்லை, தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பைக்கில் கிளம்பினோம். பின்னால் நாகஜோதி, நடுவில் கோப்பையோடு பிரீத்திகா, முன்னால் டேங்க்கின் மேல் தருண். ரயில்வே கேட் போட்டிருந்தது, வண்டியை அணைத்தேன். தருண் ரொம்ப நேரமாக எதையோ யோசித்துக்கொண்டே வந்திருக்கிறான். தலையைப் பின்னால் சாய்த்து என் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

“ஏம்ப்பா, படகுல போகும்போது என்னைய எழுப்பிவிட்டிருக்கலாம்ல?” என்றான்.